அவர் கிளம்பியதும் கூட்டத் தொடங்கியது

போன மாதம் யாழினி ரஹாங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். சிரம்பான் கடையில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கைப்பேசியை நீட்டினாள்.

“அக்கா, இதக் கேளுங்க. யாருன்னு சொல்லுங்க.”

ஒரு பெண் குரல் நிதானமாகப் பேசியது. ‘படிக்கட்டின் ஓரம் வந்ததும் இயந்திரம் நின்றுவிடும். நீங்கள் பயப்பட வேண்டாம்.’ ஆளில்லாத சாலையில் யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல முதுகு சிலிர்த்தது. குரல் என்னுடையது. பேச்சு நான் பேசியதில்லை.

“ஒங்க பழைய ரெக்கார்டிங் எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குக் குடுத்துப் பழக்கிட்டாங்க. இனிமே கஸ்டமர் போன் பண்ணா இதுதான் வெளக்கம் சொல்லும். நாள் பூரா ஒங்களுக்கு டூட்டிதான் லா அக்கா, சம்பளம் மட்டும் வராது.” சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். “கோவமா?”

“கோவம் இல்ல. பயப்பட வேண்டாம்னு சொல்லுது பாரு. நான் அந்த வார்த்தைய யாருக்கும் சொன்னதில்ல.”

“பின்ன என்ன சொல்வீங்க? எழுதிக் குடுங்க அக்கா. அதுக்குச் சொல்லிக் குடுக்கிறோம்.”

வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரிசை வரவில்லை. ஒரு காலை நேரம்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. மம்பாவ் சாலையோரத்தில் ஒரு கார். அதன் பின்சீட்டில் போகவும் மனமில்லாமல் திரும்பவும் துணிவில்லாமல் ஒரு மனிதர். லுக்குட் பக்கத்துத் தோட்ட வீடொன்றில் கவிழ்த்துப் போட்ட துணி அலசும் பிளாஸ்டிக் பேசினுக்குள் முட்டி முட்டிச் சுற்றும் ஒரு ரோபோ. நடுவில் நான், தொலைபேசியோடு.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டைக் கூட்டும் ரோபோ, புல் வெட்டும் ரோபோ, சன்னல் துடைக்கும் ரோபோ, இவையெல்லாம் என்ன செய்யும், எப்படிச் செய்யும் என்பதை வாங்குகிறவரின் பேச்சிலேயே சொல்வது. கடையில் ஓட்டிக் காட்டுவேன், கையேட்டைத் தமிழில் எழுதுவேன், யாராவது கூப்பிட்டால் பதில் சொல்வேன். ரப்பர் பால்மரத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஐந்தாம் படிவம் முடித்து, செனவாங் தொழிற்சாலையில் கண் எரிய ஈயம் பற்றவைத்து, பிறகு மிக்சி விற்கிற வேனில் ஏறித் தோட்டம் தோட்டமாகச் சட்னி அரைத்துக் காட்டி, தொண்டை கட்டி, தேறி, அந்த வழியாக இந்த நாற்காலிக்கு வந்தவள். நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சட்னி அரைபடும்போது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ரோபோ வந்த பிறகுதான் ஆட்கள் இயந்திரத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். யாரும் தள்ளாமல், யாரும் இழுக்காமல், ஒரு பொருள் தரையில் தானாக நகர்கிறது. தானாக என்ற சொல்லுக்குள் ஒரு நடுக்கம் இருக்கிறது. முதல் நாளே அது எனக்குள்ளும் புகுந்துவிட்டது. வெளியே போகவேயில்லை.

என்னைப் பழக்கியவர் புவான் ரொக்கையா. மலாயில் புவான் என்றால் அம்மையார். வாடிக்கையாளர் பிரிவின் தலைவி. அவர் மலாயில் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன். புது இயந்திரம் வந்தால், “வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போ, அதோட கொஞ்ச நாள் இருந்து பாரு” என்று கொடுத்துவிடுவார். பிறகு அறைக்குக் கூப்பிடுவார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். தேநீர்க் கோப்பையை மூடியால் மூடி வைப்பார். நான் சொல்லி முடிக்கும்வரை, ஆறிப்போனாலும் திறக்க மாட்டார்.

“கையைப் பின்னால கட்டிக்கோ. போன்ல ஒன் கை யாருக்குத் தெரியப் போகுது?”

கையைக் கட்டியதும் வாய் திக்கும். இப்படிப் போகும், இங்கே திரும்பும், இந்த அளவு ஏறும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பேச்செல்லாம் கை பேசிய பேச்சு. அது போனால் பாதி வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். அவர் சுவரைப் பார்த்தபடியே, “லெப்பஸ் து?” என்பார். அப்புறம்? நான் அடுத்ததைச் சொல்வேன். மறுபடியும் அதே அப்புறம். தெளிவில்லை என்றால் பேனாவால் மேசையில் ஒரு தட்டு. ஒன்றுதான். இன்றைக்கும் சமையலறையில் கரண்டி விழுந்தால், சொல்லிக்கொண்டிருந்ததை முதலிலிருந்து தொடங்குகிறேன்.

எனக்கு உவமை சொல்லப் பிடிக்கும். ரோபோ ஒரு கோட்டில் போய் அடுத்த கோட்டில் திரும்பி வருவதை, பால்மரம் சீவுகிறவர் ஒரு நிரையில் ஏறி மறு நிரையில் இறங்குவது போல என்றேன். தட்டு விழவில்லை. மின்சாரம் குறைந்தால் தன் இடத்துக்கு அதுவே திரும்பிவிடும் என்பதை, பொழுது சாய்ந்தால் கொட்டகைக்கு வரும் மாடு போல என்றேன். தட்டு.

“மாடு கன்னு கத்தினா ஓடி வரும். எங்க ஊர்க் கம்பத்து ஆறு பெருகினாலும் நீந்தி வரும். இது வருமா?”

“ஒரு வாளித் தண்ணி சிந்தினாலே நின்னுடும், புவான்.”

“மாட்டைச் சொன்னா அதோட வாலையும் சேத்துக் குடுத்துடுற. வாங்கினவங்க அந்த வாலைப் பிடிச்சிக்கிட்டு நிப்பாங்க. நீ அப்ப எங்க இருப்ப?”

ஒவ்வோர் அம்சத்துக்கும் மூன்று கேள்வி வைத்திருந்தார். என்ன செய்யும்? என்ன செய்யாது? மூன்றாவதற்கு மட்டும் நாற்காலியைத் திருப்பி என் கண்ணைப் பார்ப்பார். நான் சொல்லாமலே அதுவாக என்ன செய்யும்?

அந்த மூன்றாவது கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். சோறு வடிக்கும்போது, துணி காயப்போடும்போது, நான் சொல்லாமலே அதுவாக என்ன செய்யும், என்ன செய்யும் என்று.

சிரிக்க வைக்கவும் ஆட்கள் இருந்தார்கள். ரஹாங்கிலேயே ஒரு தாத்தா, சிவப்பும் வெள்ளையும் சதுரம் சதுரமாகப் பதித்த பழைய வீடு. ரோபோ சாமியறை வாசல்வரை போய்ப் பின்வாங்கியது. உள்ளே முழுக்கக் கறுப்புத் தரை. தாத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாத்தியாம்மா? சாமி ரூம்ல காலு வைக்காது. சுத்தபத்தம் தெரிஞ்ச மிசினு.”

“ஒங்களுக்கு அது தேவலாம்,” என்றார் அவர் மனைவி. “நீங்க மீன் வெட்டின கையோட போவீங்க.”

நான் சொன்னேன். அதன் அடியில் சின்ன விளக்குகள் இருக்கின்றன. வெளிச்சம் தரையில் பட்டுத் திரும்பி வந்தால் தரை உண்டு என்று எடுத்துக்கொள்ளும். கறுப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும். திரும்பி வராவிட்டால் பள்ளம் என்று நின்றுவிடும். படிக்கட்டில் விழாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள்.

தாத்தா குனிந்து ரோபோவைப் பார்த்தார். “அப்ப பக்தி இல்ல?”

“வெளிச்சம்தான் திரும்பலீங்க, தாத்தா.”

“சரி. பக்கத்து வூட்டுல சொல்லிடாத.”

பிறகு அந்த அம்சம் வந்தது. தயாரித்தவர்கள் அனுப்பிய தாளில் ஒரே வரி: வீட்டுக்காரர் வெளியே போனதும் தானாகக் கூட்டத் தொடங்கும். வீட்டுக்காரரின் கைப்பேசியோடு இணைத்துவிட்டால் போதும். அந்தக் கைப்பேசி வீட்டை விட்டுக் குறிப்பிட்ட தூரம் தாண்டியதும் ரோபோ புறப்படும். திரும்பி வரும்போது வீடு பளிச்சென்று இருக்கும்.

படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். எங்கள் வீடுகளில் பயணம் கிளம்பினவர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை விளக்குமாற்றைத் தொட மாட்டோம். பிணத்தை எடுத்த கையோடு கூட்டிக் கழுவுவது சாவு வீட்டை. உயிரோடு படியிறங்கினவர் பின்னால் கூட்டினால், நீ வர வேண்டாம் என்று வீடு சொல்கிறது. அப்பா லாரியில் வெளியூர் போன நாட்களில் தரையில் சோறு சிந்தினால் அம்மா ஒவ்வொரு பருக்கையாக விரலால் பொறுக்குவாள்.

புவானிடம் சொன்னேன். நடுவிலேயே கோப்பையைத் திறந்துவிட்டார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை.

“எங்கம்மா பொழுது சாஞ்சி மக்ரிப் தொழுகைக்கு அப்புறம் வெளக்குமாத்த எடுக்க விடமாட்டாங்க,” என்றார் மெதுவாக. “மறைக்காத. மிரட்டவும் செய்யாத. ஒவ்வொருத்தரையும் கேளு, வேணுமா வேணாமான்னு.”

கேட்டேன். “ஐயோ, வேணாங்க” என்று கையை உதறுவார்கள். ஒரு தம்பதி என் முன்னாலேயே வழக்காடினார்கள். “பசாருக்குப் போனா கூட்டலாம் லா, அதுல என்னா?” என்றார் கணவர். “பசாருக்குன்னா சரி. பினாங்குக்குன்னா?” என்றார் மனைவி. இருவரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குப் பசாரும் பினாங்கும் ஒன்றுதான் என்றேன். வேண்டாம் என்று எழுந்துவிட்டார்கள்.

ஆனால் கைப்பேசியிலேயே பொருள் வாங்குகிறவர்கள் என் மேசைக்கு வருவதில்லை. பெட்டி நேராக வீட்டுக்குப் போகிறது. பிள்ளைகள் பிரிக்கிறார்கள், கேட்கிற கேள்விக்கெல்லாம் சரி சரி என்று தட்டிக்கொண்டே போகிறார்கள். அப்படி ஒரு வீட்டிலிருந்து ஒரு நாள் அழைப்பு வரும் என்று எனக்குத் தெரியும். மணி அடிக்கும்போதெல்லாம் இதுவோ, இதுவோ என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது.

“ஹலோ, தமிழ்ல பேசுற அக்கா இருக்காங்களா? அவசரம் அக்கா.” பின்னால் லாரிகள் போகிற இரைச்சல். பெயர் சேகர் என்றான். அப்பா மாணிக்கம், தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருதய அறுவைக்காகக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போகிறான். மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாக வேண்டும். ஏற்கெனவே தேதி வாங்கி, அப்பா பயந்து மாற்றி, மறுபடி வாங்கிய தேதி. இனிமேல் தள்ளினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

“நாங்க தோட்டத்த விட்டு வந்ததும் அந்த ரோபோ கூட்ட ஆரம்பிச்சிருச்சி அக்கா. நான்தான் போட்டு வச்சேன். அம்மாவுக்கு முட்டி வலி, குனிய முடியாது. அப்பா போன்ல சேத்து வுட்டேன். அம்மா போன் பண்ணி ஒரே அழுக. திரும்பி வாங்க, உக்காந்து தண்ணி குடிச்சிட்டு மறுபடி கெளம்புங்கன்னு. அப்பா மம்பாவ்ல காடிய நிறுத்தச் சொல்லிட்டாரு.”

“திரும்பிப் போயிட்டுக் கெளம்பினா நேரம் ஆயிடுமா?”

“நேரம் இல்லக்கா. வூட்டுக்குள்ள நொழஞ்சா அவரு மறுபடி காடில ஏற மாட்டாரு. எனக்கு எங்கப்பாவத் தெரியும்.”

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து கனத்த குரல் ஒன்று கேட்டது. “அவ போயிட்டு வாங்கன்னு சொல்லட்டும், போறேன். அவ வாயால வராம இந்தக் காடி நகராது.”

“கேட்டீங்களா? அது ஏன் ஓடிச்சின்னு அம்மாவுக்கு வெளக்கிச் சொல்லுங்க அக்கா. நீங்க சொன்னா புரியும்.”

அவன் அம்மாவின் எண்ணை வாங்கி, என் கைப்பேசி எண்ணை அவனுக்குக் கொடுத்துவிட்டு, கடைத் தொலைபேசியில் அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்ததும் முதலில் கேட்டது அவர் குரல் இல்லை. டொக். டொக். மூடின கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டுவது போல.

“கடையிலேர்ந்து பேசுறேம்மா. ரோபோ விசயமா.”

“நீதான் இதுக்குப் பொறுப்பா? நல்லா வளத்திருக்க.” அழுத குரல், ஆனால் வாயில் குறைவில்லை. ராசம்மா என்று பெயர். “செவ்வாக்கெழம வேணாம்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். ஆஸ்பத்திரிக்காரன் குடுத்த நாளாம். சரின்னு வாசல்ல நின்னு காடியப் பாத்துக்கிட்டு இருக்கேன். காடி வளைவுல மறையுது, உள்ள சத்தம் கேக்குது. திரும்பினா மூலையில கெடந்தது கெளம்பி வருது. அவரு நின்ன எடம், செருப்பு மாட்டுன எடம், எல்லாத்தையும் மோந்துகிட்டே வருதும்மா. காலால தடுத்தேன். என்னச் சுத்திக்கிட்டுப் போவுது!”

“இப்ப எங்கம்மா இருக்கு?”

“பேசினக் கவுத்து மேல உக்காந்திருக்கேன். எந்திரிச்சா வந்துரும்.”

தொலைபேசியை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டேன். எப்போது கையைப் பின்னால் கட்டினேன் என்று தெரியவில்லை.

“அம்மா, ஐயா கெளம்பினது அதுக்குத் தெரியாது. யாரு போறா, எதுக்குப் போறான்னு ஒன்னும் தெரியாது. அவரு சட்டப்பையில ஒரு போன் இருக்குல்ல, அந்தப் போன் வீட்ட விட்டு இவ்வளவு தூரம் தள்ளிப் போனா கூட்டுன்னு தம்பி போட்டு வச்சிருக்காரு. போன மட்டும் ஒரு கொரங்கு தூக்கிக்கிட்டு ஓடியிருந்தாலும் இது கூட்டியிருக்கும்.”

டொக். டொக்.

“புரிஞ்சிச்சாம்மா?”

“புரிஞ்சிச்சி. சாவி குடுத்து வச்சா மணி அடிக்கிற மாதிரி, அதான?” மூக்கைச் சிந்தினார். “வெளக்குமாத்துக்கு மட்டும் தெரியுமா யாரு போறாங்கன்னு? அதுக்கும்தான் ஒன்னும் தெரியாது. அதுக்காக எடுத்துக் கூட்டுவமா? அது ஏன் பண்ணிச்சின்னு நான் கேக்கல தாயி. பண்ணிருச்சி. இப்ப என்னா பண்றது?”

மேசையில் பேனா தட்டவில்லை. ஆனாலும் அந்தத் தட்டு எனக்குக் கேட்டது.

இத்தனை வருடம் நான் செய்து வந்ததெல்லாம் ஏன், எப்படி என்பதைச் சொல்வது. சரியாகத்தான் சொன்னேன். அவருக்கும் சரியாகவே புரிந்தது. புரிந்தும் கார் மம்பாவில்தான் நிற்கிறது. என் கைப்பேசியில் சேகரின் செய்திகள் விழுந்துகொண்டே இருந்தன. அக்கா? சொல்லிட்டீங்களா? அப்பா காடிய விட்டு எறங்கிட்டாரு. அக்கா?

பொய் ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. அது கூட்டவில்லையம்மா, சும்மா நடந்து பார்த்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். மாணிக்கமும் போயிருப்பார். போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பெண் பேசினுக்கு அடியில் இருக்கும் தூசியைப் பார்ப்பார், கூட்டியிருக்கிறது என்று தெரியும், அப்புறம்? சொல்லாமல் விட்டு அவர் வீடு திரும்பிக் கட்டிலிலேயே போய்விட்டால், அப்புறம்? இரண்டு பக்கமும் அப்புறம் என்று கேட்கிற சுவர்.

வேறு வழியில்லாமல், கைவிடப்பட்டவள் சுலோகத்தைத் தொடங்குவது போல, புவானின் கேள்விகளை முதலிலிருந்து எனக்குள் ஓட்டினேன். என்ன செய்யும்? கூட்டும். என்ன செய்யாது?

“அம்மா, அது எடுத்த குப்பைய வெளிய கொட்டினீங்களா?”

“எங்க கொட்டுறது? அது மேல உக்காந்திருக்கேங்கிறேன்.”

“அதுக்குக் கொட்டத் தெரியாதும்மா. வாசப்படி தாண்டாது. வயித்துல ஒரு சின்னப் பெட்டி இருக்கு. எடுத்ததெல்லாம் அதுலதான் கெடக்கும். மனுசக் கை தொறந்து கொட்டுற வரைக்கும் ஒரு பொட்டுத் தூசி வெளிய போவாது.”

தட்டல் நின்றது. பேசினுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது.

“உள்ளருந்து பேசுது. என்னாவாம்?”

“தன்னை வேற எடத்துல வைக்கச் சொல்லுதும்மா.”

“வைக்கிறேன். ஆத்துல வைக்கிறேன்.” பிறகு, நீளமான ஒரு மூச்சுக்குப் பிறகு, “அப்ப அவரு காலு மண்ணு இன்னும் இந்த வூட்டுக்குள்ளதான் இருக்கு,” என்றார்.

அதை நான் சொல்லவில்லை. எனக்கு அது தோன்றவும் இல்லை.

“ஆமாம்மா. உள்ளதான் இருக்கு.”

“எப்படித் தொறக்கிறது, சொல்லு.”

சொன்னேன். அப்படி நான் யாருக்கும் சொன்னதில்லை. பேசினை ஓரமாக மட்டும் தூக்குங்கள். மேலே நடுவில் ஒரு பொத்தான், கட்டைவிரல் அகலம், அதை அமுக்கியே பிடித்திருங்கள். ஒரு சத்தம் வரும், விளக்கு அணையும், பிறகு விடுங்கள். மேல்மூடியைப் பின்பக்கத்திலிருந்து தூக்குங்கள், சோற்றுப் பானை மூடி மாதிரி எடுத்துவிடாதீர்கள், அது ஒரு பக்கம் ஒட்டியே இருக்கும். உள்ளே பெட்டியின் கைப்பிடி. அதன் அடியில் விரலை விட்டால் மெத்தென்று ஒன்று அமுங்கும். நேராக மேலே. சாய்க்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அவர் ‘ம்’ போட்டார். நடுவில் “ஐயோ, முட்டி” என்றார். “குனிய வேணாம்னு வாங்கினது, இப்ப என்னைய மண்டி போட வச்சிருச்சி பாரு.”

“எடுத்துட்டீங்களாம்மா?”

“எடுத்துட்டேன்.” பிறகு சரசரவென்று ஏதோ உதிர்கிற சத்தம்.

“என்னம்மா பண்றீங்க?”

“எடுத்த எடத்துல போடுறேன்.” தரையோடு தரையாக நகர்கிற மூச்சு. “நாக்காலிகிட்ட உக்காந்து காப்பி குடிச்சாரு, இங்க கொஞ்சம். சாமி படத்துக்கிட்ட நின்னாரு. அலமாரிகிட்ட சட்ட மாத்தினாரு. இந்தா, சட்டப் பித்தான் கெடக்கு, ஒரு வாரமா என்னையப் போட்டுத் திட்டினாரு இதுக்கு. செருப்பு மாட்டின எடம். வாசப்படிக்கு இந்தப் பக்கம். தாண்ட வுடல.” நிறுத்தினார். “எல்லாம் போட்டாச்சி. நீ போன வை தாயி. அவருகிட்ட பேசணும்.”

வைத்தேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வைக்கப் பிரித்த கையில் விரல்கள் மரத்துப் போயிருந்தன. கைப்பேசி ஒளிர்ந்தது. கெளம்பிட்டோம் அக்கா.

திரும்பினால் கதவருகே புவான் ரொக்கையா. எவ்வளவு நேரமாக நின்றார் என்று கேட்கவில்லை. மூடிய தேநீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, மூடியைத் தானே எடுத்தார்.

“கெளம்பிட்டாங்க, புவான்.”

“லெப்பஸ் து?” என்றார். பரீட்சை வைக்கிற குரல் இல்லை. அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் என் வீட்டில் நான் விளக்குமாற்றைத் தொடவில்லை. என் வீட்டிலிருந்து யாரும் எங்கும் போயிருக்கவில்லை. மறுநாளும் தொடவில்லை. சேகரை அழைக்க எண்ணை அழுத்திவிட்டு, மணி போகும் முன் நிறுத்துவேன். நல்ல செய்தியானால் அவனே சொல்வான். சொல்லவில்லையே. அப்படியானால். அந்தக் கூடத்தை நான் பார்த்ததேயில்லை, ஆனால் கண்ணை மூடினால் அதன் தரை தெரிந்தது. நாற்காலிகிட்ட கொஞ்சம், சாமி படத்துக்கிட்ட கொஞ்சம். காற்றடித்தால்? எறும்பு இழுத்தால்? கடையில் யாராவது கதவைத் திறந்தால்கூட அந்தத் தூசி கலையுமே என்று பதறினேன்.

யாழினி, நீ கேட்டதில் எழுதக்கூடியது இவ்வளவுதான். அந்தக் குரலிலிருந்து ‘பயப்பட வேண்டாம்’ என்ற வரியை எடுத்துவிடச் சொல். யாராவது பதறிக் கூப்பிட்டால் முதலில், யார் கிளம்பியிருக்கிறார்கள் என்று கேட்கட்டும். மற்றதை எப்படிப் பழக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

ராசம்மாவே ஒரு நாள் அழைத்தார். “இன்னிக்கு வராரு. நீ வந்து அதுக்குப் புத்தி சொல்லிட்டுப் போ.”

லுக்குட் தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் சடக்குச் சாலையில் போய் இறங்கினேன். கூடத்தின் தரையில் நாள்பட்ட தூசி. ராசம்மா அதைச் சுற்றிச் சுற்றிச் சுவரோரமாகவே நடந்து பழகியிருந்தார். ஒரு பக்கம் எறும்பு வரிசை போட்டிருந்தது, ஒரு கோழி இறகு கிடந்தது. ரோபோ மூலையில் இருந்தது, அதன் மேல் ஒரு சாக்கு. சாக்கை எடுத்து, கைப்பேசியோடு இருந்த இணைப்பை அறுத்தேன். இனி யார் போனாலும் அது எழுந்திருக்காது, கையால் அமுக்கினால்தான் என்றேன். நம்பாமல் பார்த்தார்.

கார் வந்தது. மாணிக்கம் இறங்கினார். பெரிய ஆள், சட்டை தொளதொளத்தது. இருமினால் தையல் வலிக்காமல் இருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த தலையணையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். ஆரத்தி சுற்றும்வரை பொறுமையாக நின்றவர், உள்ளே எட்டிப் பார்த்தார்.

“என்னாடி இது, வூடா, மாட்டுக் கொட்டாயா? மிசினு வாங்கிக் குடுத்தும் கூட்ட வலிக்குதா ஒனக்கு?”

“வாய மூடிக்கிட்டு உள்ள வாங்க. வலது கால வைங்க.”

வைத்தார். தூசியில் பாதம் பதிந்தது. இன்னொன்று. சேகர் தோளைத் தாங்க வர, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நாற்காலிவரை நடந்தார். உட்கார்ந்தார். ராசம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்தார். சொம்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டபிறகுதான் ராசம்மா என் பக்கம் திரும்பினார்.

“எத அமுக்கணும்?”

காட்ட எழுந்த கையை இறக்கிக்கொண்டேன். “மேல நடுவுல, கட்டவிரல் அகலம்,” என்றேன்.

அமுக்கினார். அது முனகிக்கொண்டு எழுந்து, நிரை பிடித்து வந்தது. அலமாரி ஓரம், சாமி படத்தின் கீழ், வாசற்படிக்கு இந்தப் பக்கம். நாற்காலியை நெருங்கியபோது மாணிக்கம் தலையணையை இறுக்கிக்கொண்டு, வலியோடு இரண்டு கால்களையும் தூக்கப் பார்த்தார்.

“ஏன் தூக்குறீங்க?” என்றார் ராசம்மா. “கீழ வைங்க. சுத்திக்கிட்டுப் போவும்.”

வைத்தார். சுற்றிக்கொண்டு போனது.